தண்ணீரிலிருந்து எரிபொருள்: ஒரு பழைய கதையின் புது அத்தியாயம்



தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதை ஏதோ நேற்று வந்த புதுமை என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு இருநூறு வயசு தாண்டிவிட்டது. 1800-ஆம் ஆண்டு, வோல்டா மின்கல அடுக்கு அமைத்த செய்தி எட்டிய சில வாரங்களிலேயே, லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துக் காட்டினார்கள்.

அப்படியென்றால் இத்தனை வருஷம் ஏன் பரவவில்லை? கரண்ட் செலவுதான் காரணம்! ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் வேண்டும். அந்த ஒரு கிலோவில் இருக்கும் சக்தியோ சுமார் 33 யூனிட்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. பஞ்சாபில் 1961-இல் தொடங்கிய நங்கல் உரத் தொழிற்சாலையில், பக்ரா அணையின் மலிவான மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் அம்மோனியா தயாரித்தார்கள். இன்று 'பசுமை ஹைட்ரஜன்' என்கிறோமே, ஏறக்குறைய அதேதான். மின்சாரத்துக்கு வீடும் வயலும் ஆலையும் போட்டியிட்டபோது அந்த வழி நிலைக்கவில்லை. 1970-களின் இறுதியில் எண்ணெயை மூலப்பொருளாகக் கொண்ட புது ஆலை அங்கே வந்தது.

சூரிய ஒளியாலேயே நேரடியாகத் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று 1972-இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் எழுதினார்கள். ஆனால் அவர்கள் கையாண்ட டைட்டானியம் டையாக்சைடு புறஊதாக் கதிரை மட்டுமே ஏற்கும். வெயிலில் அது சிறு பங்குதான். நிலைமையை மாற்றியது சோலார் பலகையின் விலை வீழ்ச்சி. 2016-இல் கமுதியிலேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில், மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் தரும் முன்னோடி நிலையம் திறக்கப்பட்டது.

சரி, தண்ணீருக்கு எங்கே போவது? 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டதைப் பார்த்த காட்டுப்பாக்கத்துக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்தது 9 லிட்டர் தண்ணீர் வேண்டும். 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசியத் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். கணக்குப் போட்டால் சுமார் 1.6 டி.எம்.சி. வருகிறது, அதாவது செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவில் பாதிக்கும் குறைவு. சுத்திகரிப்பையும் குளிர்விப்பையும் சேர்த்தால் இது இன்னும் கூடும். நாட்டுக்கு இது சிறிய அளவு. வறண்ட ஓர் ஊருக்கு மிகப் பெரிசு. ஆகவே கடலோரத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையோடு சேர்த்து அமைப்பதே முறை என்பது என் கருத்து.

தம்பி தங்கைகளே, நாளை இத்துறையில் நீங்கள் வேலைக்குப் போகலாம். எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: கரண்ட் யாருடையது? தண்ணீர் யாருடையது? நங்கல் நமக்குக் கற்றுத் தந்த பாடம் அதுவே.