மாவி டால்பின்: தோலில் தொடங்கி நீதிமன்றம் வரை

நியூசிலாந்தின் வடக்குத் தீவு, மேற்குக் கரை. பிப்ரவரி அங்கே கோடை. அலை அடங்கிய நாள் பார்த்து ஒரு சிறு படகு கடலுக்குள் போகிறது. கரையை ஒட்டியே வாழும் மாவி டால்பின் ஒன்று படகின் முகப்பை நெருங்கி வருகிறது. ஆள் உயரத்தை எட்டாத சாம்பல் நிற உடம்பு. முதுகுத் துடுப்பு கறுப்பாக, வட்டமாக இருக்கிறது. காட்டு விலங்குகளுக்கு மயக்க ஊசி எய்யும் துப்பாக்கியைப் போன்ற ஒன்றிலிருந்து சிறு அம்பு பாய்கிறது. முதுகில் பட்ட வேகத்திலேயே தெறித்துத் தண்ணீரில் மிதக்கிறது. கைவலையால் அதை அள்ளிப் பார்த்தால், முனையிலுள்ள எஃகுக் குழலுக்குள் மிளகளவு தோல்.

அந்தத் துணுக்கு போகவேண்டிய தூரம் அதிகம்.

டால்பினை எண்ண அதன் தோலைக் கிள்ள வேண்டுமா என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தின் மோரே ஃபர்த்திலும் ஃப்ளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவிலும் வேண்டியதில்லை. அங்கே முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டும் கிழிசலும் போதும். புகைப்படம் எடுத்தே இன்னது இன்னதென்று சொல்லிவிடுகிறார்கள். மாவி டால்பின்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி நிலைத்த அடையாளம் கிடையாது. விமானத்திலிருந்தும் எண்ணிப் பார்த்தார்கள். 2004-இல் நடந்த கணக்கெடுப்பு 111 என்றது. ஆனால் உண்மை எண் 48-லிருந்து 252 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. இந்த விடையை வைத்துக்கொண்டு எந்த மீன்வளத் துறையிடம் போய் வாதாடுவது?

ஆகவே துணுக்கு எரிசாராயக் குப்பிக்குள் இறங்கி ஆய்வகம் சேர்கிறது. அங்கே டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். மரபணுத் தொடரில் சில இடங்களில் ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்படிச் சுமார் இருபது இடங்களைப் படித்தால் ஒரு டால்பினுக்கு உரிய எண்வரிசை கிடைத்துவிடும். அது ஆணா பெண்ணா என்பதும் தெரியும். இரண்டு மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்ள முடியாது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் எல்லாம் உறவுக்குள் உறவு. தாயும் மகளும் ஒன்றே என்று கணக்கில் ஏறிவிடும். இந்தச் சோதனையில்தான் வேறொரு செய்தியும் வெளிப்பட்டது: மாவிகளோடு நீந்தியவற்றில் சில, தெற்குத் தீவைச் சேர்ந்த ஹெக்டர் டால்பின்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த கோடையில் மறுபடியும் படகு போகிறது. முதல் கோடையில் 25 டால்பின்களின் தோல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கோடையில் 30. அவற்றில் 15 ஏற்கெனவே பார்த்தவை. இரண்டாம் முறை அகப்பட்டதில் பாதி பழையவை என்றால், அந்தப் பழைய 25-உம் மொத்தக் கூட்டத்தில் பாதியாக இருக்கவேண்டும். மொத்தம் 50. அடிப்படை இவ்வளவுதான், இடையில் பிறப்பு, இறப்பு, அம்புக்கு எட்டாமல் விலகும் டால்பின் என்று பல திருத்தங்கள் பிறகு சேரும். பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட 1802-இல் கணிதவியலாளர் லாப்லாஸ் கையாண்டதும் கிட்டத்தட்ட இதே தர்க்கம்தான். குட்டிகள்மேல் அம்பு எய்வதில்லை. அதனால் கிடைக்கும் விடை ஒரு வயதைத் தாண்டியவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

2010–11-இல் விடை 55. 2015–16-இல் 63. 2020–21-இல் 54. 63 எப்படி 54 ஆனது, ஒன்பது செத்துவிட்டனவா என்று கேட்கத் தோன்றும். கேள்வியே தவறு. 63 என்பதன் எல்லை 57 முதல் 75 வரை. 54 என்பதன் எல்லை 48 முதல் 66 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. குறைந்தது என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை, கூடியது என்று மகிழவும் வழியில்லை. அந்தக் கடலில் ஐம்பது அறுபதுக்குமேல் பெரிதாக இல்லை என்பது மட்டும் மூன்று முறையும் மாறவில்லை. என்னைக் கேட்டால், தலைப்பில் போடவேண்டியது அதைத்தான்.

எண் இனி அரசு அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே அது ஒரு பெருக்கலில் நுழைகிறது. இந்த இனம் நல்ல நிலையில்கூட ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதமே பெருகும். பெண் டால்பின் ஏழெட்டு வயதுக்குப் பிறகே குட்டி போடத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒன்று என்று ஈனும். ஐம்பதை அந்த 2 சதவீதத்தின் பாதியால் பெருக்கி, அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்பதால் மறுபடி பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 0.05 வரும். மனிதர் கையால் இருபது ஆண்டுக்கு ஒன்று சாகலாம், அதற்குமேல் தாங்காது என்று பொருள். 2012-இல் நிபுணர் குழு சொன்னதும் பத்திலிருந்து இருபத்துமூன்று ஆண்டுக்குள் ஒன்று என்றுதான்.

அந்த ஆண்டு ஜனவரியிலேயே தாரனாக்கி பகுதியின் எக்மண்ட் முனைக்கு அருகே செவுள் வலையில் ஒரு டால்பின் சிக்கிச் செத்திருந்தது. மாவியா ஹெக்டரா என்பது உறுதியாகவில்லை. ஆனாலும் அங்கே செவுள் வலைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2020-இல் தடை இன்னும் விரிந்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் சர்வதேச வணிக நீதிமன்றம், மாவி வாழும் கடலில் செவுள் வலையாலும் இழுவலையாலும் பிடித்த சில வகை மீன்களை இறக்குமதி செய்ய இடைக்காலத் தடை விதித்தது. வலையைத் தடுக்கச் சட்டம் உண்டு. பூனைக் கழிவோடு மழைநீரில் கடலுக்கு வந்து இந்த டால்பின்களைக் கொல்லும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியை எந்தத் தடையாணை நிறுத்தும்?

துணுக்குகளின் வேலை எண்ணிக்கையோடு முடியவில்லை. டிஎன்ஏவின்மேல் காலப்போக்கில் படியும் வேதி மாற்றங்களைப் படித்து ஹெக்டர், மாவி டால்பின்களின் வயதைக் கணிக்கும் முறை 2023 வாக்கில் வந்துவிட்டது. பெண் எத்தனை என்பதைத் தோல் முன்பே சொல்லியிருந்தது. அவற்றில் குட்டி போடும் வயதில் எத்தனை என்பதை இனி அதே தோலிடம் கேட்கலாம்.