வெள்ளையர் விட்டுச்சென்ற சட்டப் புத்தகம்

ஒரு நாடு விடுதலை பெறும் நாளில் கொடி மாறுகின்றது. நாளடைவில் ஊர்ப் பெயர்களும் மாறுகின்றன. சட்டப் புத்தகம் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. அதை எழுதியவர் யார், யாரை அடக்குவதற்காக எழுதினார் என்று பின்னர் எவரும் கேட்பதுமில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கேயுள்ள ஜிம்பாப்வேயின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

ரொடீஷியா எனப்பட்ட அந்நாடு 1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை பெற்றது. விடுதலைப் போராட்டத் தலைவர்களுள் ஒருவரான ராபர்ட் முகாபே அன்று ஏற்ற ஆட்சிப் பொறுப்பை 37 ஆண்டுகள் கைவிடவில்லை. அவரது கொடுங்கோன்மையை ஒரு மனிதரின் குணக்கேடு என்று கூறி முடித்துவிடுவோர் பலர். வெள்ளையர் ஆட்சியே மேலாயிருந்தது என்று வாதிடுவோரும் உளர். இவ்விரு கூற்றும் எத்துணை பொருந்தும் என்பதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1888-ல் சிசில் ரோட்ஸின் ஆட்கள் நிடெபெலே மன்னர் லோபெங்குலாவிடம் கனிமம் தோண்டும் உரிமையை மட்டுமே எழுதி வாங்கினர். மறு ஆண்டில் ரோட்ஸின் கம்பெனிக்குப் பிரிட்டிஷ் அரச பட்டயம் கிடைத்தது. 1890-ல் அதன் படை உள்ளே நுழைந்தது. 1893-ல் மன்னரின் அரசு வீழ்ந்தது. சுரங்கத்திற்குப் பெற்ற அனுமதி, மண்ணுக்கே உரிமையாக மாறிவிட்டது! குடிசை வரியும் விதிக்கப்பட்டது. காசையே காணாத உழவன் வரி கட்டுவதற்காக வெள்ளையரின் சுரங்கத்திலும் பண்ணையிலும் கூலியாக நிற்க நேர்ந்தது. 1896-97ஆம் ஆண்டுகளில் நிடெபெலே மக்களும் ஷோனா மக்களும் கிளர்ந்தெழுந்தனர், கடுமையாக அடக்கப்பட்டனர்.

1923-ல் கம்பெனி விலக, ஆட்சி குடியேறிய வெள்ளையர் கைக்கு வந்தது. வாக்குரிமைக்குச் சொத்தும் வருமானமும் தகுதிகளாக வைக்கப்பட்டதால் ஆப்பிரிக்கருக்கு அது எட்டாக்கனியாயிற்று. 1930-ல் நிலப் பங்கீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது வெள்ளையர் சுமார் 50,000 பேர். ஆப்பிரிக்கரோ பத்து லட்சம் பேர். வெள்ளையருக்குச் சுமார் 4 கோடியே 90 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஆப்பிரிக்கருக்கு 3 கோடி ஏக்கர்கூட இல்லை. நாட்டின் பாதி நிலத்தில் அந்நாட்டு மக்களே நிலம் வாங்கக் கூடாதென்று சட்டம் சொல்லிற்று.

இத்தகைய அநீதியை அடக்குமுறையின்றிக் காப்பாற்ற இயலாது. 1960-ல் சட்டம் ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கூட்டம் கூடுவதும் அரசைக் குறை கூறுவதும் குற்றங்களாயின. அதனைக் கண்டு மனம் பொறாத கூட்டாட்சித் தலைமை நீதிபதி சர் ராபர்ட் டிரெட்கோல்ட், ஒரு வெள்ளையராயிருந்தும், பதவியைத் துறந்தார். 1963-ல் மத்திய உளவு நிறுவனம் ஏற்பட்டது. 1965 நவம்பரில் நெருக்கடி நிலையை அறிவித்த இயான் ஸ்மித், சில நாட்களிலேயே பிரிட்டனிலிருந்து தன்னிச்சையாகப் பிரிந்தார். முகாபே பத்தாண்டுகளுக்கு மேல் காவலில் கிடந்தது இந்த ஆட்சியிலேதான்.

அவரே ஆட்சிக்கு வந்தபின் நிகழ்ந்தது என்ன? ஸ்மித் அறிவித்த நெருக்கடி நிலை ஆறு மாதத்திற்கொரு முறை நீட்டிக்கப்பட்டு 1990 வரை தொடர்ந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டமும் நீடித்தது. உளவு நிறுவனத்தின் வெள்ளையர் தலைவர் கென் ஃப்ளவர்கூட அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஸ்மித்தை எதிர்த்துப் போரிட்ட தளபதிகளான டுமிசோ டபெங்வா, லுக்அவுட் மசூக்கு ஆகியோரை 1983-ல் நீதிமன்றம் இராஜத் துரோகக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நெருக்கடி நிலை அதிகாரத்தைக் கொண்டு அரசு அவர்களை உடனே மீண்டும் காவலில் வைத்தது. அதே ஆண்டு தொடங்கி மடபெலேலாந்தில் ஐந்தாவது படைப்பிரிவு ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்று குவித்தது. படையினரை வழக்கிலிருந்து காக்கும் விதியை 1982-லேயே அரசு பிறப்பித்திருந்தது. 1975-ல் ஸ்மித் அரசு இயற்றிய சட்டத்தின் மறுபதிப்பே அது.

நிலத்தின் கதையும் இதனின்று வேறன்று. விடுதலை ஒப்பந்தப்படி முதல் பத்தாண்டுகளுக்கு, விற்க விரும்புவோரிடமிருந்து மட்டுமே அரசு பொதுவாக நிலம் வாங்கலாம். எனவே சில ஆயிரம் வெள்ளைக் குடும்பங்களிடம் நல்ல நிலம் தங்கிவிட்டது. 2000-ல் ஆட்சிக்கு எதிர்ப்பு வலுத்தபோது முகாபே அப்பழைய காயத்தைக் கையிலெடுத்தார். பண்ணைகள் கைப்பற்றப்பட்டன. நிலமற்ற பலர் நிலம் பெற்றது உண்மை. ஆளுங்கட்சியின் பெரிய மனிதர்கள் பெரும் பண்ணைகளைப் பெற்றதும் உண்மை. அப்பண்ணைகளில் உழைத்த பல்லாயிரம் கறுப்பினத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். நியாயமான ஒரு கோரிக்கை ஆட்சியாளருக்குக் கேடயமாயிற்று.

1960ஆம் ஆண்டுச் சட்டம் 2002-ல்தான் நீங்கியது. அதனிடத்தில் வந்த புதுச் சட்டமும் அதே போக்கினதே. 2017-ல் இராணுவத் தலையீட்டினால் முகாபே பதவி விலகினார்.

வெள்ளையர் ஆட்சி மேலாயிருந்தது என்போர், முகாபே ஏந்திய ஆயுதங்களை வார்த்துக் கொடுத்தவர் யாரென்று எண்ணிப் பார்க்கட்டும். அதற்காக முகாபேயின் பழி நீங்கிவிடாது. அந்தச் சட்டத்தின் கொடுமையைச் சிறையிலிருந்தே அறிந்தவர் அவர். அறிந்தும் அதை வைத்துக்கொண்டார். நெருக்கடி நிலை நிலவிய ஏறத்தாழ 25 ஆண்டுகளில் சுமார் பதினான்கரை ஆண்டுகள் வெள்ளையருடையவை. எஞ்சிய பத்தாண்டுகள் விடுதலை பெற்ற அரசினுடையவை. இரண்டு கணக்கையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.