டிராக் டே கார்
பந்தயமாக அல்லாமல், சொந்தக் காரை மூடிய ஓடுதளத்தில் வேகமாக ஓட்டிப் பழகும் நாளே டிராக் டே. தமிழ்நாட்டில் இதற்கான இடங்களில் இரண்டு: 1990 முதல் இயங்கும் இருங்காட்டுக்கோட்டைத் தளம், கோயம்புத்தூர் அருகே உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. இருங்காட்டுக்கோட்டைத் தளத்துக்கு முன் சோழவரம் விமான ஓடுதளமே பந்தயக் களம்.

மலிவுக் காரில் தொடங்குவது இங்கே பழைய மரபு. கரிவர்தன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி பந்தயக் கார், 796 சிசி மாருதி 800 எஞ்சினில் ஓடியது. தொடக்கக்காரருக்கு இன்றும் பழைய எஸ்டீம், ஸ்விஃப்ட், போலோ போதும்: எடை குறைவு, உதிரிபாகம் கிடைப்பது எளிது, ஊர் மெக்கானிக்குக்குக் கைவந்த வண்டிகள்.

எஞ்சினைத் திருத்துவதில் பணம் கொட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் வீண்செலவு. முதலில் கவனிக்க வேண்டியது பிரேக். பிரேக் ஆயில் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும். அதனால் அதன் கொதிநிலை தாழும். அடுத்தடுத்து அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் சூடேறி ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் பஞ்சாக இறங்கிவிடும். எனவே புது ஆயில், தடிமனான பேட், நல்ல டயர், பிறகு ஹெல்மெட். வண்டிக்குள் உருளும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிட வேண்டும். பெடலுக்கு அடியில் சிக்கினால் ஆபத்து. சில சுற்றுகளுக்கு ஒருமுறை மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுவது வழக்கம். சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்பதில்லை. எனவே டிராக் டேயில் இடித்தால் செலவு உரிமையாளர் தலையில் விழக்கூடும்.