கேமராவைத் திறந்து பார்த்தவர்கள்

‘படம் எடுப்பது கண், கேமரா இல்லை.’ ஒளிப்படம் பழக வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை இது. லென்ஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர், இரண்டு சென்சார்கள் தரும் படங்களை நூறு மடங்கு பெரிதாக்கி ஒப்பிடுகிறவர், பழைய சந்தையில் கிடைத்த ரஷ்ய லென்ஸைப் புதிய டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பார்க்கிறவர் என எல்லோரும் இந்த அறிவுரையின் முன்னால் சற்றுக் குற்றவுணர்வோடுதான் நிற்கிறார்கள். கலையில் நாட்டமில்லாதவர்கள்தான் கருவியில் மயங்குவார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். ஒளிப்படக்கலையின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக் கதை அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை. இந்தக் கலை எட்டிய திருப்பங்களில் பலவும், சம்பளத்துக்காக அல்லாமல் சொந்த ஆசையால் கருவியோடு மல்லுக்கட்டிய மனிதர்களிடமிருந்தே வந்தன. இன்று நம் கையில் இருக்கும் டிஜிட்டல் கேமராவின் வடிவமும் குணமும்கூட அந்த ஆசைக்குக் கடன்பட்டவை.

தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ஓவியம் வரைய முயன்று, கை ஒத்துழைக்காமல் சலித்துப்போன ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் ஓர் ஆங்கிலேய நிலக்கிழார். அந்தச் சலிப்பே அவரைக் காகித நெகட்டிவ் வரை கொண்டுபோனது. 1851இல் ஈரத்தட்டு முறையை வெளியிட்ட ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஒரு சிற்பி; தன் சிற்பங்களுக்கு மாதிரியாக எடுத்த காகிதப் படங்களின் தெளிவு போதாமல் மாற்றுவழி தேடியவர். கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை வாங்காமல் உலகுக்கே கொடுத்துவிட்டார். அந்த முறையில் கண்ணாடித் தட்டின் மேல் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆகவே வெளியூர் போகிறவர் இருட்டறைக் கூடாரத்தையும் ரசாயனப் புட்டிகளையும் சுமந்தே போக வேண்டியிருந்தது. இந்தச் சுமையைக் குறைக்க வழி காட்டியவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற மருத்துவர். நுண்ணோக்கி வழியே படமெடுப்பதில் ஈடுபாடு கொண்ட அவர், ஈரத்தட்டின் ஈதர் நெடி உடம்புக்கு ஒவ்வாததால் ஜெலட்டினை வைத்துச் சோதித்து, 1871இல் முடிவுகளை வெளியிட்டார். மற்றவர்கள் அதை மேம்படுத்தினார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 1877இல் ஈரத்தட்டுச் சாமான்களை வாங்கி அவற்றின் கனத்தில் திகைத்துப்போன வங்கி எழுத்தர் ஒருவர் இந்த ஆய்வுகளை ஆங்கிலப் பத்திரிகையில் படித்துத் தாயின் சமையலறையில் இரவுகளில் சோதனை செய்தார். அவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் நூறு படம் எடுக்கக்கூடிய சுருளோடு 25 டாலருக்கு அவர் விற்ற பெட்டிதான் முதல் கோடாக் கேமரா.

சென்னை மாகாணமும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1850களின் நடுவிலேயே இங்கு ஓர் ஒளிப்படச் சங்கம் உருவாகிவிட்டது. அதற்கு முன்நின்றவர் கலைப்பள்ளியைத் தொடங்கிய அறுவை மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹன்டர். மதராஸ் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப், இங்கிலாந்தில் விடுப்பில் இருந்தபோது சொந்த ஆர்வத்தில் இந்தக் கலையைக் கற்றார். 1856இல் மாகாணத்தின் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரரானார். ஈரத்தட்டு முறை ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்த அந்த ஆண்டுகளில், நம் வெயிலில் ரசாயனம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதைக் கணக்கில் கொண்டு பெரும்பாலும் மெழுகூட்டிய காகித நெகட்டிவையே அவர் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே பதிவாக்கினார். எந்தக் கருவி எந்த வெயிலுக்கு ஒத்துவரும் என்று மெனக்கெட்டுத் தெரிந்துகொண்டிருக்காவிட்டால், அந்தக் கல்வெட்டுகளின் முழு வரிசையும் அன்று ஒளிப்படமாகியிருக்காது.

‘ஆனால் மேதைகளுக்குக் கருவி ஒரு பொருட்டே இல்லையே’ என்பது முதல் மறுப்பு. இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். 1932 முதல் ஒரு லைக்கா, பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸ், வாழ்நாள் சாதனைக்கு அவருக்கு அது போதுமாயிருந்தது. உண்மைதான். ஆனால் அந்த லைக்கா எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நுண்ணோக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் விடுமுறை நாள்களில் படமெடுக்கப் போகிறவர். ஆஸ்துமாக்காரரான அவருக்குத் தட்டுக் கேமராவைச் சுமந்து மலையேறுவது பெரும்பாடு. சினிமாச் சுருளையே கேமராவுக்குள் படுக்கை வாக்கில் ஓடவிட்டு, சினிமாச் சட்டத்தைப் போல இரு மடங்கு பரப்பில் 24க்கு 36 மி.மீ. படம் விழும்படி 1914 வாக்கில் ஒரு சிறு பெட்டியைத் தனக்காகச் செய்துகொண்டார். அது 1925இல் லைப்சிக் சந்தையில் விற்பனைக்கு வந்தது. கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் கண் பாய்ந்து பிடித்த கணங்கள், சட்டைப்பைக்குள் அடங்கும் கேமரா இருந்ததால் பிடிக்க முடிந்த கணங்கள். இன்று லட்சக்கணக்கில் விலை போகும் ‘ஃபுல் ஃப்ரேம்’ டிஜிட்டல் கேமராவின் சென்சாரும் அதே 24க்கு 36 மி.மீ. அளவுதான். மூச்சிரைத்த ஓர் ஆர்வலர் தன் வசதிக்காக எடுத்த முடிவு நூறாண்டு கடந்து சிலிக்கான் சில்லின் அளவாக நிற்கிறது.

ஜூலியா மார்கரெட் கேமரன் இன்னொரு சான்று. கல்கத்தாவில் பிறந்து, 48ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவால் ஒளிப்படத்துக்குள் வந்து, கடைசி ஆண்டுகளை இலங்கையில் கழித்து 1879இல் அங்கேயே மறைந்தவர். மனித முகத்தை அவர்போல் பார்த்தவர் அந்தக் காலத்தில் அரிது. ஆயினும் 1866இல் 15க்கு 12 அங்குலத் தட்டு போடும் பெரிய கேமராவுக்கு அவர் மாறியபின்தான் சட்டத்தை நிறைக்கும் அந்த மாபெரும் முகங்கள் பிறந்தன. கண் பெரிதா, கருவி பெரிதா என்ற கேள்வியே பொருளற்றது. கருவி என்ன செய்யும் என்று அறிந்த கண் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறது. அப்படிப் பார்த்த கண் கருவியிடம் மேலும் கேட்கிறது. வண்ணம் வந்த கதையும் இதுவே. லியோபோல்டு மேன்ஸ், லியோபோல்டு கோடொவ்ஸ்கி என்ற இரு இசைக்கலைஞர்கள் பள்ளி வயதில் பார்த்த வண்ணப்படத்தின் தரம் பிடிக்காமல் வீட்டிலேயே சோதனை தொடங்கினார்கள். பின்பு கோடாக் அவர்களைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டது. இருட்டறையில் பிராம்ஸின் இசையைச் சீட்டியடித்து நேரம் கணக்கிட்டவர்கள் 1935இல் உலகுக்குத் தந்தது கோடாக்ரோம் ஃபிலிம்.

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் கதை என்று இரண்டாவது மறுப்பு எழக்கூடும். அதற்குத் தமிழிலேயே ஒரு பதில் இருக்கிறது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், முதுமலைக் காட்டில் நடந்தும் யானை மேலமர்ந்தும் விலங்குகளைக் கறுப்பு-வெள்ளையில் படமெடுத்தவர். ஒரு நிறுவனத்தின் பாடி, இன்னொன்றின் லென்ஸ், வேறெங்கோ கிடைத்த உதிரி பாகங்கள் என்று தானே பொருத்திக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். தன் வேலைக்கு என்ன தேவை என்று தெளிவாகத் தெரிந்த மனிதர் கடையில் இருப்பதோடு திருப்தியடையாமல் தனக்கானதைக் கட்டிக்கொள்கிறார். கருவி ஆசையின் உயர்ந்த வடிவம் இதுதான். இதற்குச் செல்வத்தைவிடப் பொறுமையும் அறிவும்தான் அதிகம் தேவைப்படுகின்றன.

டிஜிட்டல் காலம் இந்த வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை. சென்சாரை வீட்டுச் சமையலறையில் செய்ய முடியாது. 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவை இணைத்துக் காட்டிய ஸ்டீவன் சாஸன் கோடாக்கின் சம்பளப் பொறியாளர். சுமார் மூன்றரைக் கிலோ எடையுள்ள அந்தப் பெட்டி, 0.01 மெகாபிக்சல் படம் ஒன்றைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1999இல் வந்த நிகான் டி1 பத்திரிகைக்காரர்களுக்கானது. ஆக, தொடக்கம் நிறுவனங்களுடையது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கருவி கைக்கு வந்ததும் ஆர்வலர்கள் பழைய வேலையைப் புதிய இடத்தில், மென்பொருளில் தொடங்கினார்கள். 2003இல் கேனன் 300டி ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தபோது, விலை கூடிய 10டியில் இருந்த சில வசதிகள் அதன் மென்பொருளில் அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து, மாற்றிய மென்பொருளால் அவற்றைத் திறந்துவிட்டார்கள். டேவ் காஃபின் என்ற நிரலாளர் 1997இல் ‘டிசிரா’ என்ற சிறு நிரலை எழுதினார். கேமரா பதிக்கும் பக்குவப்படுத்தாத ‘ரா’ கோப்பை, தயாரிப்பாளரின் தயவின்றி யாரும் திறந்து படிக்க அது வழிசெய்தது. காலப்போக்கில் நூற்றுக்கணக்கான கேமராக்களின் கோப்புகளை அது படித்தது. பல எடிட்டிங் மென்பொருள்கள் அதன்மேல் எழுந்தன. 2005இல் நிகான் டி2எக்ஸ் தன் கோப்புகளில் வெள்ளைச் சமநிலைத் தகவலை மறையாக்கிப் பூட்டியபோது அந்தப் பூட்டைத் திறந்ததும் அவரே. தான் எடுத்த படம் தனக்கே முழுவதும் சொந்தமா என்ற கேள்வியைத் தொழில்நுட்ப வழியில் எழுப்பி விடையும் தந்த செயல் அது.

வான்படம் எடுப்பவர்களின் கதை இன்னும் துல்லியமானது. விண்மீன் பிறக்கும் மேகங்களில் ஹைட்ரஜன் உமிழும் ஒளி 656 நானோமீட்டர் அலைநீளத்தில், ஆழ்ந்த சிவப்பில் வருகிறது. சாதாரண டிஜிட்டல் கேமராவில் தோல் நிறமும் துணி நிறமும் சரியாக விழ வேண்டும் என்பதற்காகச் சென்சாரின் முன் ஒரு வடிகட்டி இருக்கும். அது இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆர்வலர்கள் கேமராவைப் பிரித்து அந்த வடிகட்டியை எடுத்துவிட்டு, அல்லது வேறொன்றை வைத்து, மறுபடி மூடினார்கள். உத்தரவாதம் போய்விடும் என்பதும், ஒரு திருகு தவறினால் முழுப் பணமும் போய்விடும் என்பதும் தெரிந்தே செய்தார்கள். 2005இல் கேனன் நிறுவனமே இந்தச் சிவப்பை அனுமதிக்கும் வடிகட்டியோடு 20டிஏ என்ற கேமராவை வெளியிட்டது. பின்னர் 60டிஏ, நிகானின் டி810ஏ என அது தனி வரிசையானது. திருப்புளியோடு உட்கார்ந்தவர்கள் முன்னே போனார்கள். நிறுவனங்கள் பின்னே வந்தன.

அசையும் படத்திலும் இதுவே நடந்தது. 2008இன் கேனன் 5டி மார்க் டூ முழுத்தர வீடியோ எடுத்தது. ஆனால் ஒலியைக் கட்டுப்படுத்தவும் வெளிச்சம் மிகும் இடங்களைக் கோடிட்டுக் காட்டவும் அதில் வழியில்லை. 2009இல் டிராம்மல் ஹட்சன் தொடங்கிய ‘மேஜிக் லான்டர்ன்’ என்ற இலவச மென்பொருள் அந்த வசதிகளைச் சேர்த்தது. 2013இல் 5டி மார்க் த்ரீயில் ‘ரா’ வீடியோவையே பதிய வைத்தது. தயாரித்த நிறுவனம் அந்தக் கேமராவுக்கு ஒருபோதும் தராத வசதி அது. பெரிய படப்பிடிப்புக் கருவி வாங்க முடியாத இளம் இயக்குநர்களுக்கு அது எத்தகைய வாசல் என்பதை விளக்கத் தேவையில்லை. அதே 2008இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியில்லாத கேமராவாக வந்தது. லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 20 மி.மீ.க்கும் குறைவான தூரம். இடையில் ஒரு வளையம் வைத்தால் அரை நூற்றாண்டுக்கு முந்தைய லென்ஸ்களில் பெரும்பாலானவற்றை மாட்டலாம் என்பதை ஆர்வலர்கள் உடனே கண்டுகொண்டார்கள். அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடந்த சோவியத் ஹீலியோஸ் போன்ற லென்ஸ்கள் மறுபடி வெளிச்சம் பார்த்தன.

மூன்றாவது மறுப்புத்தான் வலுவானது. கருவி ஆசையில் பெரும்பகுதி வெறும் வாங்கும் ஆசை, ஆண்டுக்கொரு பாடி, படமோ பத்துக்கூடத் தேறாது, பழையது குப்பையாகிறது. இதில் உண்மை நிறைய இருக்கிறது. ஒவ்வொரு ஆர்வலரும் பார்னாக்கோ கிருஷ்ணனோ ஆகிவிடுவதில்லை. ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கருத வேண்டும். ஒன்று, 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2020இல் ஒரு கோடிக்கும் கீழே சரிந்தன. பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் படமெடுத்தவர்கள் போனுக்குப் போய்விட்டார்கள். அதன்பின் கேமரா என்ற தனிக்கருவியை உயிரோடு வைத்திருப்பவர்கள் தொழில்முறையாளர்களும் ஆர்வலர்களும்தான். கல்யாணமும் விளையாட்டும் எடுப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் அத்தனை லென்ஸ்களை வடிவமைக்கும் செலவைத் தாங்காது. அவர்களுக்கு நல்ல கருவி கிடைப்பதற்கும் ஆர்வலர்களின் பணம் துணை. இரண்டாவது, வாங்கும் ஆசைக்கும் அறியும் ஆசைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். மேடக்ஸ் முதல் மேஜிக் லான்டர்ன் வரை வரலாற்றை நகர்த்தியவர்கள் அத்தனை பேரும் தம் கையிலிருந்த கருவியின் போதாமையைத் துல்லியமாக அறிந்தவர்கள். அடுத்த மாடலுக்காகக் காத்திருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே ஒளிப்படச் சங்கங்களும் ஆசிரியர்களும் கருவிப் பேச்சை அடக்க வேண்டியதில்லை; அதை ஆழப்படுத்த வேண்டும். இந்த லென்ஸ் ஏன் ஓரத்தில் மங்குகிறது, இந்தச் சென்சார் எந்த நிறத்தை விழுங்குகிறது, இந்தக் கோப்பில் என்ன பதிவாகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தால், அந்தக் கேள்விகள் தாமாகவே படத்துக்கு இட்டுச் செல்லும். அதோடு, ஒட்டிப் பூட்டிய உடல்களும் மறையாக்கிய மென்பொருளும் பெருகிவரும் இந்தக் காலத்தில், பழுது பார்க்கவும் பிரிக்கவும் மாற்றவும் கூடிய கேமராவைத் தயாரிப்பாளர்களிடம் கேட்கும் உரிமை வாங்குபவர்களுக்கு உண்டு. அது வாடிக்கையாளரின் சௌகரியம் பற்றிய விஷயம் மட்டுமில்லை. கேமராவைத் திறக்க முடிந்த தலைமுறைகள் அடுத்த கேமராவுக்கு வழி காட்டியிருக்கின்றன. திறக்க முடியாத கருவியைத் தலைமுறைதோறும் கையில் கொடுத்தால், அந்த வழிகாட்டிகள் உருவாகவே மாட்டார்கள்.