ரூபா ஒரே நாளில் விழவில்லை



2022ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்சு வந்தால் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நோட்டை அடிச்சுக் கடனைக் கட்டியிருக்கலாம்தானே சேர்?" பெரியவர்கள் சிலரும் இதையே கேட்கிறார்கள்.

நோட்டை அடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் வெளிநாட்டுக் கடனுக்கும், எண்ணெய், எரிவாயு, பால்மா, மருந்துக்கும் டொலர்தான் கொடுக்க வேண்டும். ரூபாவை அச்சடிக்கலாம். டொலரை உழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதலோடு சுற்றுலாத்துறை படுத்துவிட்டது. அந்த டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் விழுந்தது. அடுத்து கொரோனா வந்தது. வெளிநாட்டுச் சந்தையில் புதிதாகக் கடன் எடுக்க முடியாமல் போனது. அரசின் செலவுக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டது. 2021இல் இரசாயன உரத்தைத் தடுத்ததால் நெல்லும் தேயிலையும் அடிவாங்கின.

அந்த செப்டெம்பரிலிருந்து டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்தார்கள். வெளியே அதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததால், வெளிநாட்டில் உழைப்பவர்களின் காசு வங்கியை விட்டு உண்டியலுக்குப் போனது. 2020இல் சுமார் 710 கோடி டொலராக வந்த பணம், 2022இல் 380 கோடியாகக் குறைந்தது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோதும், 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன் கட்டப்பட்டது.

மார்ச் 7ஆம் திகதி பிடியை விட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360 ரூபா. இடையில், நோன்பு மாதத்தில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

அந்த ஆண்டில் நடந்தது நமக்குத் தெரியும். கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். மகளின் கலியாணத்துக்கென்று ஒரு தாய் ஒரு லட்சம் ரூபா சேர்த்து வைத்திருந்தால், அதன் பெறுமதி 500 டொலரிலிருந்து 280க்கும் கீழே இறங்கியது. அவர் வங்கியிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனாலும் பாதிக்குக் கிட்டப் போய்விட்டது. காணியும் தங்கமும் டொலரும் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். நாட்கூலிக்காரர் தப்பவில்லை.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அன்று குறைத்ததை இன்று வட்டியோடு கட்டுகிறோம்.

ஆட்சியாளர்களின் பிழை பெரியது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வரி குறைந்தபோது நாமும் சந்தோஷப்பட்டோம். அந்தக் குறையை எதைக் கொண்டு நிரப்பப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. உண்டியலில் நாலு காசு கூடக் கிடைத்தபோதும் நாம் யோசிக்கவில்லை.

அடுத்த தேர்தல் மேடையில் யாராவது இலவசமாக எதையாவது தருவதாகச் சொன்னால், கைதட்ட முன்னர் அந்தக் கேள்வியைக் கேட்போம். நம் பிள்ளைகளுக்கும் கேட்கப் பழக்குவோம்.