'செம்மீன்': ஒரு நாவலும் ஒரு படமும்

பாலக்காடு மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அதன் கிழக்கெல்லையிலுள்ள நம் எருத்தேன்பதியிலோ கரிசல் மண்ணும் தென்னையும் நிலக்கடலையுமே கண்ணுக்குத் தெரிவன. அங்ஙனமிருக்க, கடற்கரைக் காதற்கதை ஒன்றினைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவக்கூடும். 1956ஆம் ஆண்டே அதற்குக் காரணம்.

அவ்வாண்டில்தான் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' நாவல் மலையாளத்தில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. பழைய கொச்சி அரசைச் சேர்ந்திருந்த சித்தூர்த் தாலுகா கேரளத்தோடு நின்றது. திருவிதாங்கூரின் நாகர்கோவில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாய் இங்கு உழுதுண்ட தமிழரும், பிழைப்பை நாடி வந்து காலனியில் குடியேறிய நாமும் அயல்மொழி மாநிலத்தின் குடிகளானோம். அந்த நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமியே இந்நாவலைத் தமிழாக்கினார். 1957இல் மூலநூலுக்குப் பரிசளித்த சாகித்திய அக்காதெமி, 1962இல் தமிழ் நூலையும் வெளியிட்டது. இளமையில் கோட்டயத்தில் வளர்ந்தவராதலின் இரு மொழியும் அவர்க்குத் தாய்வீடும் புகுந்த வீடும் போல் இருந்தன. எல்லைக்கோடு வரைந்தவர்கள் இத்தகையோரை எண்ணியிருப்பார்களோ என்னவோ!

1965இல் ராமு காரியாட் இதனைத் திரைப்படமாக்கினார். அதற்கு முன்பே, 1954இல், பி. பாஸ்கரனுடன் சேர்ந்து 'நீலக்குயில்' எடுத்துப் பெயர் பெற்றவர் அவர். இப்படத்துக்கு அவர் திரட்டிய கலைஞர்களைப் பார்த்தால் ஒரு நீண்டதூர ரயிலின் பயணிகள் பட்டியல் போல இருக்கும். இசை வங்காளத்து சலீல் சௌதுரி; நாயகனின் சோகப் பாட்டைப் பாடியவரும் வங்காளியான மன்னா டே. படத்தொகுப்பில் ஹிருஷிகேஷ் முகர்ஜி. ஒளிப்பதிவு, 'மாயாபஜார்' படத்தால் நம்மவர்க்கு அறிமுகமான மார்க்கஸ் பார்ட்லி. சத்தியன் பழனியாகவும், ஷீலா கறுத்தம்மாவாகவும், மது பரீக்குட்டியாகவும் நடித்தனர். அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. அதுகாறும் மராத்தி, இந்தி, வங்காளிப் படங்களே பெற்றுவந்த அப்பதக்கத்தைத் தென்னாட்டுப் படமொன்று பெற்றது அதுவே முதன்முறை.

கதை யாவரும் அறிந்ததே. மீனவப் பெண் கறுத்தம்மாவுக்கும் இஸ்லாமிய இளம் வியாபாரி பரீக்குட்டிக்கும் காதல். அவளோ பழனி என்னும் மீனவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். கரையிலிருக்கும் மனைவி கற்புடையவளாயின் கடலுக்குப் போன கணவன் திரும்புவான் என்பது கதையிலுள்ள நம்பிக்கை. சுறாவைத் தூண்டிலிட்ட பழனி சுழலில் மாள, காதலர் இருவரும் கரையில் பிணமாய் ஒதுங்குகின்றனர்.

இதனைக் கற்பின் கதையென்றே பலரும் புகழ்வர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணவன் திரும்பாவிடில் குற்றம் காற்றுக்குமன்று, கடலுக்குமன்று, வீட்டில் காத்திருந்தவளுக்கே என்று தீர்க்கும் நம்பிக்கை கொடிது. நம் நெய்தல் திணையிலும் கரையில் நின்று இரங்கும் பெண்ணைக் காண்கிறோம். ஆயினும் அவள் தலையில் இப்பழி ஏற்றப்படுவதில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் என் கண்ணுக்கு இது முதலில் ஒரு கடனின் கதையாகவே தோன்றுகிறது. தோணியும் வலையும் வாங்கப் பரீக்குட்டியிடம் பணம் பெற்ற செம்பன்குஞ்ஞு, செல்வம் வந்தபின் அதனைத் திருப்பித் தர மனங்கொள்ளவில்லை. தந்தை மறந்த கடனை மகள் மறக்கவியலாமல் தவிக்கிறாள். அவள் காதலில் பாதி அந்தக் கூச்சமே. படத்தில் அலையும் பாட்டும் இதனைச் சற்று மறைத்துவிடுகின்றன. நாவலில் அது பக்கந்தோறும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அன்னையாருக்கு இப்படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினேன். எருத்தேன்பதியிலேயே பிறந்து வளர்ந்தவர். மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. இறுதிக் காட்சியில் கண்ணீர் விடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ என் பக்கம் திரும்பி, "அந்தப் பையன் குடுத்த காசு என்னாச்சு சாமி?" என்று கேட்டார். அன்றிரவே தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, தோணி வாங்கும் பகுதியிலிருந்து அவருக்கு உரக்கப் படிக்கலானேன்.