கருத்துப்போன மூத்திரமும் போடி மலையும்

போன மாசம் போடி போயிருந்தப்ப மாமாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். முப்பது வருஷம் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தவர். "மாப்ள, நான் குடிச்சதில்ல, பீடி தொட்டதில்ல. எனக்கு எப்படிடா கிட்னி போச்சு?" என்றார். மலைக்குப் போய் சிறுநீரகத்தைப் பறிகொடுத்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மாச்சி தன் அப்பாவைப் பற்றிச் சொல்லுவார். போடிக்கு ரயில் வந்து (1928) சில வருஷம் கழித்து நடந்தது. மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்தார், கொயினா மாத்திரை போட்டார். மறுநாள் மூத்திரம் கடுங்காப்பி மாதிரி கருத்துப்போச்சு. கண் மஞ்சளாச்சு. அப்புறம் மூத்திரமே நின்னுபோச்சு. அஞ்சாம் நாள் ஆளே இல்லை. மலையில ஏதோ அடிச்சிருச்சுன்னு ஊரே நம்பியது.

அது பெரும்பாலும் கருநீர்க் காய்ச்சல் என்றுதான் நினைக்கிறேன். மலேரியா முற்றியவர்களுக்கு, அதுவும் கொயினாவை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு, வரும். சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து ஹீமோகுளோபின் ரத்தத்தில் கொட்டும். அது சிறுநீரகக் குழாய்களைக் கெடுத்து அடைக்கும். காரணம் கொயினாதான் என்று அடித்துச் சொன்னார் ராபர்ட் காக். வங்காளத்தின் டூவர்ஸ் தேயிலைத் தோட்டங்களில் ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸும் பென்ட்லியும் தொடர்ந்து தாக்கும் மலேரியாவையே அடிப்படையாகப் பார்த்தார்கள். இங்கேயும் மலேரியாவுக்குக் குறைவில்லை. 1895-ல் முடிந்த பெரியாறு அணை வேலையில் காய்ச்சலும் காலராவும் எத்தனையோ கூலிக்காரர்களைக் கொண்டுபோயின. குளோரோகுயினும் டிடிடியும் வந்த பிறகு கருநீர்க் காய்ச்சல் அபூர்வமாகிவிட்டது.

சிறுநீரகம் நின்றால் மூத்திரம் மட்டும் நிற்பதில்லை. யூரியா தேங்கி வாந்தியும் மயக்கமும் வரும். நீர் வெளியேறாமல் காலும் முகமும் வீங்கும், நுரையீரலில் கோத்துக்கொள்ளும். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். ரத்தம் ஊறச் சொல்லும் எரித்ரோபாய்டினும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. மாமாவின் வெளிறிப்போன முகத்துக்கு அதுதான் காரணம். பூட்டனுக்குச் சில நாள் டயாலிசிஸ் கிடைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார். ஆனால் நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற டாக்டர் அந்த இயந்திரத்தை மனிதருக்குப் பயன்படுத்தியதே 1943-ல்தான். வேலூர் சி.எம்.சி.யில் மாற்று சிறுநீரகம் பொருத்தியது 1971-ல்.

மாமாவின் கதை வேறு, இது மெதுவாக அரிப்பது. சர்க்கரையும் பி.பி.யும்தான் இன்றைக்கு முதல் காரணங்கள். அவருக்குச் சர்க்கரை இல்லை, பி.பி. உண்டு. அதோடு இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரைகள் எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை. அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கக்கூடியவை. சர்க்கரையும் பி.பி.யும் இல்லாமலே விவசாயிகளுக்குச் சிறுநீரகம் கெடுவது இலங்கையின் அநுராதபுரம் பக்கம் 1990-களிலிருந்து தெரிந்த விஷயம். ஆந்திராவின் உத்தானத்திலும் அதே கதை. வெயிலா, பூச்சிமருந்தா, தண்ணீரா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. (ஏலத்துக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்று போடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது.)

மாமாவின் பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் வாங்கி வந்து வருஷவாரியாக அடுக்கினேன். 2011-லிருந்து இருக்கிறது. பி.பி. எழுதியிருக்கிறது, வலி மாத்திரை எழுதியிருக்கிறது. கிரியேட்டினின் என்ற வார்த்தை முதல்முறையாக வருவது 2022-ல். பக்கத்தில் 7.8 என்று இருக்கிறது.